நான் பேசாத வசனம்

மந்தாரக்குப்பம் மார்க்கெட்டில் நான் நாலு கத்தரிக்காய் பொறுக்கி முடிப்பதற்குள் யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். "சினிமாக்கார அத்த, எங்களையும் ஒருவாட்டி இட்டுக்கினு போங்களேன்" என்கிறாள். பெண்கள் மட்டும் என்றால் பரவாயில்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களும் கேட்கிறார்கள். ஒருத்தர் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே எனக்கு அழுது காட்டினார். அழுகை வரவில்லை, தும்மல்தான் வந்தது. அதோடு விட்டாரா? "உக்காந்துகினு இருக்கிறதுதானே வேல, எனக்கு வராதா?" என்றார்.

உட்கார்ந்துகொண்டு இருப்பதுதானே வேலை. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத வைக்கிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பிழையைத் திருத்த அவளுக்கு உரிமை உண்டு. நான் சொன்னதைத் திருத்த உரிமை கிடையாது.

என் பெயர் அஞ்சலாட்சி. பிறந்தது குள்ளஞ்சாவடிப் பக்கம். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தேன். நிலக்கரியைச் சுமந்துகொண்டு போகிற பெல்ட் இருக்கிறதே, அதிலிருந்து கீழே சிந்துவதை மண்வெட்டியால் வழித்து மறுபடியும் மேலே போட வேண்டும். அதுதான் என் ஷிப்ட். பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்றார்கள். வயதுதான் ஆனது. போதும் வீட்டுக்குப் போ என்று ஒருநாள் சொன்னார்கள், வந்துவிட்டேன்.

அந்த வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் பேசவே கத்த வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் தூசி உள்ளே போகும். அதனால் உதட்டைப் பிரிக்காமல் தொண்டையிலிருந்தே கத்துவோம். அதுவும் கேட்காவிட்டால் உதட்டின் லேசான அசைவைப் பார்த்தே புரிந்துகொள்வோம். என் கூட்டாளி ஜெயசீலியும் நானும் இப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். மாதா கோவிலில் பூசை நடக்கும்போதே அவள் என்னிடம் சாயங்காலக் குழம்பு வரைக்கும் பேசி முடித்துவிடுவாள், சாமியாருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில் வடலூரிலிருந்து செல்வம் என்கிற ஏஜெண்ட் வந்தான். கட்சிக் கூட்டத்துக்கும் அவன்தான் ஆள் பிடித்துக் கொடுப்பான், ஷூட்டிங்குக்கும் அவன்தான். சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்பில் மரம் அடர்ந்த ரோடுகளும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்களும் இருப்பதால் அடிக்கடி படம் எடுக்க வருவார்கள்.

"எழவு வூட்டு சீனுங்க. வயசான பொம்பளைங்களா வேணுமாம். வர்றீங்களா ஆயா?" என்றான்.

"யாருடா உனக்கு ஆயா? அக்கான்னு கூப்புடு, வர்றன்" என்றேன். ஜெயசீலியும் வந்தாள்.

நான் பயிற்சி எடுத்துக்கொண்டது அந்த முதல் ஷூட்டிங் நடந்த ஒரு காலைதான். சுரங்கத்தில் பெல்ட்டை ஓட விடுவதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். உயிர் போகிற விஷயம். ஷூட்டிங்கில் கூட்டத்துக்கு விசில் ஊதினார்கள். ஊதியதும் எல்லோரும் பிணத்தின் மேல் விழுந்து அழ, நானும் ஜெயசீலியும் மட்டும் குதித்து சுவரோரம் போய் நின்றோம். மறுபடி ஊதினார்கள். மறுபடியும் போய் நின்றோம். பிணமாகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "இந்த ரெண்டு பேருக்கும் நான் செத்தது பிடிக்கலியா?" என்று கேட்டார்.

அதன் பிறகு கற்றுக்கொண்டேன். நேற்று கட்டிய சேலையையே இன்றும் கட்ட வேண்டும், இடது தோளில் இருந்த துண்டு இடது தோளிலேயே இருக்க வேண்டும், காமிராவைப் பார்க்கக் கூடாது, பார்க்காமலேயே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் போனது ஒன்றுதான். நான் நல்ல சேலை கட்டிப் பளிச்சென்று போனால், மேக்கப்காரர் கிழிந்த சேலையைக் கொடுத்து முகத்தில் கரி பூசுவார். அத்தனை வருஷம் ஷிப்ட் முடிந்து வந்து சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேனே, அதே கரி. "ஏழ அம்மாம்மா, அப்படித்தான் இருக்கணும்" என்பார். ஏழை குளிக்க மாட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

இப்படியே சில வருஷம் ஓடியது. எல்லாம் அழுகிற வேடம், கும்பிடுகிற வேடம், பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு உட்காருகிற வேடம். அந்த ரேஷன் கடை மனிதர் சொன்ன உட்காருகிற வேலை. பிறகு ஒரு டைரக்டர் வந்தார். என் பையன் வயதுதான். எங்கள் ஊர்ப்பக்கத்து முந்திரிக்காட்டில் ஒரு வீட்டைப் பிடித்திருந்தார். கூட்டத்தில் நின்ற என்னைக் கைகாட்டி, "இந்த அம்மாதான் என் படத்தில் அம்மா" என்றார். பேசுகிற வேடம். செல்வமே வாயைப் பிளந்துவிட்டான்.

அந்த டைரக்டரின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் கத்த மாட்டார். எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் பேசுவார். ஒவ்வொரு தடவையும், "அருமைம்மா. ரொம்ப அருமை. இன்னொண்ணு போலாமா?" என்பார்.

"அருமன்னா எதுக்கு தம்பி இன்னொண்ணு?" என்று முதல் நாளே கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அருமையிலேயே இன்னும் கொஞ்சம் அருமையா" என்றார்.

அருமை என்றால் சரியில்லை என்று அர்த்தம் என்பது எனக்கு மத்தியானத்துக்குள் புரிந்துவிட்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிப் பாராட்டுகிறவரை என்ன செய்வது?

என் உதடு அசைவது தெரியவில்லை என்பது அவருடைய முதல் குறை. "வாயைத் திறந்து பேசுங்கம்மா" என்றார். திறந்து பேசினேன். எடுத்ததை அங்கேயே வைத்திருந்த டிவியில் பார்த்துவிட்டு அவரே, "வேணாம்மா, பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு. உங்க பாணியிலேயே பேசுங்க. இந்த முகத்துக்கு அதுதான் அழகு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அந்த ஒரு சீனுக்கு வருகிறேன். கதையில் என் மகன் சண்டை போட்டுக்கொண்டு போனவன். அப்பன் செத்த செய்தி தெரிந்தும் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்து வாசலில் நிற்கிறான். நான் உள்ளே உட்கார்ந்து முறத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறேன். வசனம் ஒன்றே ஒன்று. "சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போப்பா." உதவி டைரக்டர் பெண் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

"போன்னா போதாதா? கடைசியில அந்த அப்பா எதுக்கு?" என்று கேட்டேன்.

டைரக்டர் வந்து எதிரில் உட்கார்ந்தார். "பாசம்மா. பெத்த பிள்ளையாச்சே."

"பாசம் சோத்துல இருக்குதே தம்பி. வாயில வேற எதுக்கு? அப்பன் பொணத்துக்கு வராதவன் இவன்."

அவர் எழுந்தார். பிறகு, "அப்பாவை எடுத்துருங்க. அம்மா எப்படிச் சொல்வாங்களோ அப்படியே சொல்லட்டும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். இதை நான் மறைக்கக் கூடாது. அன்றைக்கு அவர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

ஒருத்தர் என் மூக்கிலிருந்து காமிரா வரைக்கும் டேப் பிடித்து அளந்தார். பேசும்போது கொட்டையை உடைக்கக் கூடாது, சத்தம் ஒன்றோடு ஒன்று மோதும், உடைத்துவிட்டுப் பேசு, பேசிவிட்டு உடை என்றார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் நானே கேட்டு வாங்கிக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டேன். உதவி டைரக்டர் பெண் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வசனத்தை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தாள். நிறைய அருமை ஆகிவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கடைசி தடவை மகனாக நடித்த பையன் வாசலில் வந்து நின்றபோது, சாய்ந்த வெயிலில் அவன் நிழல் நேராக என் முறத்தின் மேல் விழுந்தது. அதற்கு முன்னால் விழவில்லை. கொட்டை எனக்குத் தெரியவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. முறத்தை மட்டும் அவன் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு கொட்டையை உடைத்தேன். பருப்பை எடுத்துப் போட்டேன். பிறகு சொன்னேன்.

"சோறு இருக்குது. துன்னுட்டுப் போ."

டைரக்டர் எழுந்து வந்தார். அருமை என்று சொல்லவில்லை. "போதும்மா" என்றார். அவ்வளவுதான். முறத்தை இழுக்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. யாரைப் பார்த்து அப்படி நடித்தீர்கள் என்று மேக்கப்காரர் கேட்டார். யாரையும் பார்க்கவில்லை. கதையில் வருகிற அந்த அம்மா அப்படித்தான் செய்வாள். இத்தனை வருஷத்தில் நான் நடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அந்த ஒரு சாயங்காலம்தான். மற்றதெல்லாம் உட்கார்ந்திருந்தது.

சில மாதம் கழித்து டப்பிங் பேசச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஜெயசீலியைக் கூட்டிக்கொண்டு போனேன். நடிப்பதை ஒருநாள் எடுக்கிறார்கள், பேசுவதை இன்னொரு நாள் எடுக்கிறார்கள். காதில் ஒரு கருவியை மாட்டி, இருட்டு அறையில் நிற்க வைத்து, எதிரே படத்தைத் துண்டு துண்டாக ஓட்டுவார்கள். திரையில் என் உதடு அசைகிற நேரத்துக்கு நான் பேச வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தத்தைப் பதிவு செய்கிறவர் இருப்பார். எனக்குத் தாளைப் பார்த்து வேகமாகப் படிக்க வராது என்பதால் அவரே வசனத்தைக் காதில் சொன்னார். பெல்ட் பழக்கத்தில் நான் கத்திப் பேசிய முதல் வார்த்தையில் அவர் தன் காதுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டார். என்னை மைக்கிலிருந்து தள்ளித் தள்ளி, கடைசியில் கதவு கிட்டே நிற்க வைத்தார்கள். மத்தியானத்துக்குள் பாதிப் படத்தைப் பேசிவிட்டேன். நான் பேசுவது உதட்டசைவோடு சுலபமாகப் பொருந்தி உட்காருகிறது என்று அவரே சொன்னார்.

பிறகு முந்திரிக்கொட்டை சீன் வந்தது. காதில் அவர் குரல், "மன்னிச்சுக்க சாமி. உள்ள வா" என்றது.

"இது என்னுது இல்லைங்க. வேற யாரோடதையோ மாத்திச் சொல்லிட்டீங்க" என்றேன்.

"உங்களுதுதாம்மா. மாத்தி எழுதியிருக்கு."

டைரக்டரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். அங்கே குத்துக்காலிட இடமில்லை, நின்றுகொண்டே பேசினார். "படத்துக்குப் பணம் போடுற முதலாளி வீட்டுல எல்லாரும் பாத்தாங்கம்மா. அம்மா கேரக்டர் கல்லு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஜனங்க ஏத்துக்க மாட்டாங்களாம். உங்களுக்கு லிப் அதிகம் அசையாதில்ல, அதனால புது வசனம் கச்சிதமா உக்காருது."

என் வாய் அசையாததுதான் அழகு என்று சொன்ன அதே வாய்.

"நான் எதுக்கு தம்பி மன்னிப்பு கேக்கணும்? நான் இன்னா தப்பு பண்ணன்?"

"நீங்க இல்லம்மா, கேரக்டர்."

"அவ இன்னா தப்பு பண்ணா?"

"டீ சாப்பிட்டுட்டு வாங்கம்மா, பேசிக்கலாம்" என்று வெளியே போய்விட்டார்.

நடைபாதையில் டீ டம்ளரோடு ஜெயசீலி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நடிக்க வந்துட்டு இது எம்பேச்சு, அது உம்பேச்சுன்னுகினு! அன்னைக்கு யாருன்னே தெரியாத பொணத்துக்கு 'என் ராசா'ன்னு அழுதியே, அவன் உனக்கு ராசாவா? சொல்லுன்னா சொல்லிட்டு வா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் கேட்டது நியாயம். நான் யோசித்தேன். பொய் பேச எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை. படம் பிடிக்கிற அன்றைக்கே "மன்னிச்சுக்க சாமி" என்று கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். அப்போது தலையைத் தூக்கி அவனைப் பார்த்திருப்பேன், முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன். அது வேறு அம்மா. இவளோ மகனுடைய நிழல்கூடத் தன் வேலை மேல் விழக் கூடாது என்று முறத்தை இழுத்துக்கொண்டவள். கை ஒன்று செய்ய வாய் வேறொன்று சொன்னால், பார்க்கிறவர்களுக்கு அந்தக் கை சும்மா ஆடியதாகத்தானே தெரியும்? என் சாயங்காலம் முழுவதும் வீணாகிவிடும்.

இதை ஜெயசீலியிடம் சொன்னேன். "உன் கையை எவ பாக்கப்போறா?" என்றாள்.

திரும்பி உள்ளே போனபோது டைரக்டர் தயாராக இருந்தார். "ஒரு சீனுக்கு மட்டும் வேற குரல் போட முடியாதும்மா, தெரிஞ்சிடும். நீங்க இத பேசலன்னா முழுப் படத்துக்கும் வேறொருத்தர் பேசற மாதிரி ஆயிடும். காலைலேர்ந்து பேசினதெல்லாம் போயிடும். யோசிச்சுக்குங்க." அப்போதும் மெதுவாகத்தான் சொன்னார். எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார், கெட்ட வார்த்தை இல்லாமல் வாய் திறக்க மாட்டார். அவரே தேவலாம் என்று இருந்தது.

எனக்கு ஆசை இல்லையா? என் குரல் தியேட்டரில் கேட்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் நினைத்திருப்பேன். உதட்டை மூடிக்கொண்டு கத்தியே பாதி வயதைக் கழித்தவள் நான். மைக் முன்னால், அதாவது கதவு கிட்டே, போய் நின்றேன். காதுக் கருவியை மாட்டினேன். படம் ஓடியது. நிழல் விழுந்தது, முறம் நகர்ந்தது, கொட்டை உடைந்தது.

"சோறு இருக்குது. துன்னுட்டுப் போ" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தத்தைப் பதிவு செய்கிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். பிறகு கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தம்பி, இவ சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லிட்டா. நீங்க யார வச்சு வேணா பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பண்ருட்டி வரும்வரை ஜெயசீலி என்னோடு பேசவில்லை. வந்த பிறகு பேசியதும், "வீம்பு புடிச்சவ" என்பதுதான்.

படம் வந்தது. பெல்ட்டில் கூட வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் என் முகம் வந்ததும் கை தட்டினார்கள். முகம் பேசியதும் கை நின்றுவிட்டது. யாரோ ஒருத்தியின் குரல். வெல்லப்பாகு மாதிரி இழுத்து இழுத்து, நடுங்கி நடுங்கிப் பேசினாள். எந்த ஊர்ப் பேச்சு என்றே தெரியவில்லை, சினிமாவில் எல்லாக் கிழவிகளும் பேசுகிற ஊர். முந்திரிக்கொட்டை சீனில் அவள், "மன்னிச்சுக்க சாமி. உள்ள வா" என்றதும் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது.

எங்கள் வரிசை மட்டும் உறிஞ்சவில்லை. ஜெயசீலி திரையில் என் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து நின்று, "இல்லடி, அவ அப்பிடிச் சொல்லல! போன்னு சொல்றாடி!" என்று கத்தினாள். "ஆமா, துன்னுட்டுப் போன்னுதான் சொல்றா" என்று இன்னொருத்தி சொன்னாள். முன் வரிசைக்காரர் திரும்பி, "யம்மா, அழுதுகினு இருக்கம்ல, கொஞ்சம் சும்மா இருங்க" என்று அதட்டினார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த 'உள்ள வா' சொன்னீங்களே, அங்கதாங்க நான் ஒடஞ்சி பூட்டன்" என்பார்கள். அது நான் சொன்னது இல்லை, என் குரலும் இல்லை என்று ஒவ்வொருத்தரிடமும் விளக்கிப் பார்த்தேன். "எம்மாம் அடக்கம் பாரு" என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள். முறத்தைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கடைசியாக அந்த டைரக்டரே போன் பண்ணினார். முந்திரிப் படம் நன்றாக ஓடியதாம். சந்தோஷமாக இருந்தார்.

"அம்மா, புதுப் படம். பெரிய ரோல். முதல் சீன்லேர்ந்து கடைசி சீன் வரைக்கும் வர்றீங்க."

"வசனம்?"

"வாய் பேச வராத அம்மா கேரக்டரும்மா."

பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயசீலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் பேசவே மாட்டாளா?" என்று கேட்டேன்.

"க்ளைமாக்ஸ்ல மட்டும் ஒரே ஒரு வார்த்தை பேசிடுவாங்க. அங்கதான் மொத்தப் படமும் நிக்குது."

"இன்னா வார்த்த?"

"அது இன்னும் முடிவாகலம்மா. எடுக்கறப்போ நீங்க எதையாவது சொல்லுங்க. பின்னாடி பாத்துக்கலாம்."

"அதுக்கு எதுக்கு தம்பி அம்மாம் நாளு காத்துகினு இருக்கணும்? அந்த வார்த்தைய இப்பவே சொல்லிட்றன். எழுதிக்குங்க."

"சொல்லுங்கம்மா" என்றார். நிஜமாகவே பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"மாட்டன்."